‘கீழே’ என்றால் எவ்வளவு கீழே?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் ஆட்டோவின் பின்சீட்டில், என் பிடரிக்கு மேலே மாட்டியிருந்த பாட்டு ஸ்பீக்கரிலிருந்து அது வந்தது. வேறு ஒருவருக்காக டாக்டர் கேட்ட கேள்விகளை, அவர் காதில் விழுவதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

அந்த உறுத்தலில், முதல் வரைவில் ஆளையே மாற்றினேன். ஆட்டோ ஓட்டுகிறவரை எடுத்துவிட்டு இப்படித் தொடங்கினேன்:

‘புஷ்பத்துக்கு அடிவயிறு வலித்தது. பட்டுப் பிரிவில் காலை பத்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் கேட்ட அம்மாளுக்கு ஏழாவது புடவையை விரிக்கும்போது—’

விரிக்கும்போது என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். தி. நகர் துணிக்கடைகளில் அப்படி நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வலிக்கிறது, அதை யாராவது எழுதத்தான் வேண்டும். ஆனால் நான் புஷ்பத்தை உண்டாக்கிய காரணம் அது இல்லை. இடுப்புக்குக் கீழே வலி என்று எழுதினால், அது பெண்ணுக்குத்தான் என்று படிக்கிறவர் கேள்வி கேட்காமல் நம்பிவிடுவார். எனக்கு வேலை மிச்சம். அவ்வளவுதான். புஷ்பத்தின் வெட்கம் நான் படித்துத் தெரிந்துகொண்ட வெட்கம். ஆட்டோ ஓட்டிய செம்பியனின் வெட்கத்தை நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதனால் புஷ்பத்தை விட்டுவிடுகிறோம். கதை செம்பியனுடையது.

2

செம்பியன் என்பது அவருடைய பெயர் இல்லை. பின்னொரு சவாரியில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது ஸ்டீயரிங் கம்பியில் தாளம் போட்டபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எழுதுங்க மேடம். பேர மட்டும் மாத்திருங்க. மாத்தறதுதான் மாத்தறீங்க, கொஞ்சம் கெத்தா ஒரு பேரா வைங்க. அப்பறம், காமெடி பண்ணிராதீங்க.”

பெயர் வைத்துவிட்டேன். காமெடி விஷயத்தில் என்னால் முழுதாக வாக்குக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்தாம் பகுதியில் தெரியும். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். “அது மெய்யாலுமே காமெடிதான், நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று மன்னித்துவிட்டார்.

[இன்னொரு சிக்கல். நம் கதைகளில் ஆட்டோ ஓட்டுகிறவர் ‘அவன்’ ஆகிவிடுகிறார், டாக்டர் ‘அவர்’ ஆகவே இருக்கிறார். என் இரண்டாம் வரைவிலும் அப்படித்தான் வந்திருந்தது. திருத்தும்போது பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. இதில் இரண்டு பேரும் ‘அவர்’.]

[மூன்றாவது சிக்கல், வலிக்கிற இடத்தின் பெயர். அகராதியைப் புரட்டினேன். ‘கூபகம்’ என்று இருக்கிறது. நல்ல சொல். ஆனால் சைதாப்பேட்டையில் போய் ‘எனக்குக் கூபகத்தில் வலி’ என்று சொன்னால், ஏதோ ஊர் என்று நினைத்து எந்த பஸ் ஏற வேண்டும் என்று வழி சொல்வார்கள்.]

3

செம்பியனுக்கு வயது நாற்பத்து நான்கு. சைதாப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாடகை வீட்டில் குடியிருக்கிறார். பதினெட்டு வருடமாக ஆட்டோ. மனைவி ஷீலா தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். ஒரே மகள் தமிழ்நிலா, நந்தனத்தில் கல்லூரி இரண்டாம் வருடம்.

வலி ஐப்பசி மழையில் தொடங்கியது. ஒரு வக்கீலை கோர்ட் வாசலில் இறக்கிவிட்டு, கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தபோது முதல்முறையாகத் தெரிந்தது. சைக்கிள் சீட்டு படுகிற இடம் இருக்கிறதே, அங்கே. உள்ளே யாரோ ஒரு கோலிக்குண்டை வைத்து, அதன்மேல் தன்னை உட்காரவைத்துவிட்ட மாதிரி இருந்ததாம்.

உடம்புச் சூடு என்று நினைத்தார். இளநீர் குடித்தார். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தார். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தார். இரண்டு நாள் குறைந்தது, மூன்றாம் நாள் நீர்க்கடுப்போடு திரும்பி வந்தது. ஸ்டாண்டில் கூட ஓட்டுகிற ஷரீஃப், இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, “கல்லா இருக்கும் மச்சி. வாயத்தண்டு துன்னு” என்றார். செம்பியன் உடனே ஒத்துக்கொண்டார். கிட்னியில் கல் என்பது மரியாதையான நோய். யாரிடமும் சொல்லலாம், யாரும் எந்த இடத்தில் என்று மேலே கேட்க மாட்டார்கள்.

வாழைத்தண்டு கேட்கவில்லை. மருந்துக்கடையில் மூன்று தடவை மாத்திரை கேட்டு வாங்கினார். “நீர்க்கடுப்பு” என்று மட்டும் சொன்னார். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. சாப்பிட்ட மூன்று நாளும் நன்றாக இருக்கும். பிறகு பழையபடி. அரைமணிக்கு ஒருதரம் போக வேண்டும் போல் முட்டியது. சவாரியை வைத்துக்கொண்டு எங்கே நிறுத்துவது? அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். காலையில் ஒரு தம்ளர், வண்டியை விட்ட பிறகு ஒரு தம்ளர்.

இவ்வளவும் வலி. இதற்கு அடியில் பயம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பா மண்ணாங்கட்டி ஐம்பத்திரண்டு வயதில் இறந்தார். ஆற்றோரக் குடிசையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, என்ன வலி என்று யாரிடமும் சொல்லாமல். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஒண்ணுக்குப் போகிற வழியில் ஏதோ அடைப்பு என்றார்கள், கட்டி என்றார்கள்; காதில் விழுந்தது அவ்வளவுதான். செம்பியனுக்கு அப்போது பத்தொன்பது. இப்போது அதே இடத்தில் தனக்கு வலி. தனக்கு இன்னும் எட்டு வருடம் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டார். அந்த முடிவு பல நாள் வலியைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்தது.

பிறகு ஷீலா.

(இந்த இடத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘அவர்களுடைய தாம்பத்தியத்தில் ஒரு மெல்லிய—’ என்று ஆரம்பித்தேன். மெல்லிய எதுவும் இல்லை. வெட்டிவிட்டேன்.)

மனைவியோடு இருந்தால், முடிகிற நேரத்தில் வலி கத்தி போட்டது போல் வரும். அடுத்த இரண்டு நாள் உட்கார முடியாது. இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது தடவை “அசதியா கீது” என்றார். அப்புறம், காற்று வரவில்லை என்று சொல்லி, வாசலில் நிற்கிற ஆட்டோவின் பின்சீட்டிலேயே காலை மடக்கிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். வாரங்கள் போயின.

பொங்கலுக்கு முந்தின வாரம், காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே ஷீலா கேட்டார்:

“யாரு அவ?”

“எவ?”

“அத்தத்தான் நானும் கேக்கறேன்.”

“யாரும் இல்ல. சும்மா பேஜாரு பண்ணாத.”

“அப்ப இன்னா? இன்னான்னு சொல்லு. நான் இன்னா தப்பு பண்ணேன்?”

செம்பியன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்ன தேதி என்றுகூட அதில் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். ஷீலா அந்த மௌனத்தைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். பொங்கல் முடிந்ததும், “அம்மாக்கு முட்டி வலி, கொஞ்ச நாளு கூட இருந்துட்டு வரேன்” என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கத்துக்குப் போனார். ஆற்றோரத்திலிருந்து அங்கே அரசு அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் அவர் அம்மா முனியம்மாளுடையதும் ஒன்று. கொஞ்ச நாள் இரண்டு மாதம் ஆனது. வேலைக்கு அங்கிருந்தே போய் வந்தார். மகளுடன் தினமும் போனில் பேசினார். செம்பியனுடன் பேசவில்லை.

4

தமிழ்நிலா புத்திசாலிப் பெண். ஒருநாள் காலை அப்பாவிடம், “இன்னாத்துக்கு நைனா நின்னுக்கினே சாப்புட்ற?” என்று கேட்டாள்.

“நேரமாச்சு.”

“நேத்தும் நின்னுக்கினுதான் சாப்ட்ட. முந்தாநேத்தும்.”

அவள் போனை எடுத்தாள். கல்லூரியில் தோழி ஒருத்தி தோல் அரிப்புக்கு வீடியோவிலேயே டாக்டரைப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று, எல்லார் முன்னாலும் பேர் கூப்பிட்டு, ‘என்ன பிரச்சினை’ என்று நர்ஸ் சத்தமாகக் கேட்பதெல்லாம் இதில் கிடையாது. அந்தக் கடைசி விஷயம் செம்பியனைத் தொட்டது. “செரி, போடு” என்றார்.

“இன்னா பிரச்சினைன்னு இதுல ஒண்ண அமுக்கணும் நைனா.”

திரையில் ஒரு பட்டியல். தோல், சர்க்கரை, வயிறு, எலும்பு மூட்டு, மனநலம், ஆண்கள் நலம். கடைசி வார்த்தையை செம்பியன் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவர் பார்த்ததை அவளும், அவள் பார்த்ததை அவரும் பார்க்காத மாதிரி இருவரும் மேலே போய்விட்டார்கள்.

“வவுறு” என்றார்.

அவள் வயிறு என்று அமுக்கினாள். “லேடி டாக்டர்தான் கீறாங்க. ஓகேவா?”

“வவுறுதானே.”

5

[இந்தப் பகுதியில் நான் வருகிறேன். ‘நான்’ என்று எழுதினால் கதை என் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் செம்பியனின் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்தேனோ அப்படியே எழுதுகிறேன்: பின்சீட்டில் ஒரு மேடம்.]

மார்ச் மாதம், புதன்கிழமை. பதினொன்றேகாலுக்கு டாக்டர் கூப்பிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்றிலிருந்து செம்பியன் அடையாறு காந்தி நகரில் ஒரு மரத்தடியில் போனைப் பார்த்தபடி நின்றார். பதினொன்றரை ஆனது. வரவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இல்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அந்த நேரத்தில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் தி. நகர் போகவேண்டும் என்று வந்து ஏறினார்.

கோட்டூர்புரம் பாலம் தாண்டி நந்தனத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மேடம், அஞ்சே நிமிசம். டாக்டரு கால். கோச்சுக்காதீங்க” என்று சொல்லி, வண்டியை ஒரு மைதானத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு, போனோடு இருபது தப்படி தள்ளிப் போனார். அவ்வளவு தூரம் போனால் பேசுவது யார் காதிலும் விழாது என்று கணக்கு.

திரையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா வந்தார். பெயர் டாக்டர் சந்திரிகா. அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“ஹலோ! மேடம்! கேக்கல!”

டாக்டரின் வாய் இன்னும் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இவர் போனைத் தட்டினார், தலைக்கு மேலே தூக்கினார், சுவரின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஆட்டோவிலிருந்து மேடம் தலையை வெளியே நீட்டி இரண்டு கையையும் ஆட்டினார். அவசரப்படுகிறார் என்று நினைத்து செம்பியன் ஐந்து விரலைக் காட்டினார்.

“டாக்டர் இங்க பேசறாங்க!” என்று மேடம் கத்தினார்.

போன தீபாவளிக்கு, சவாரிக்குப் பாட்டுப் போடலாம் என்று பின்சீட்டுக்கு மேலே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். டாக்டர் முழுக்க முழுக்க அதில்தான் பேசிக்கொண்டிருந்தார். செம்பியன் ஓடி வந்து சேர்ந்தபோது அது நல்ல கணீர்க் குரலில், “மோஷன் போறப்ப வலி இருக்கா? யூரின் போறப்ப எரியுதா? ஹலோ?” என்று நந்தனத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேடம் போனை வாங்கி எதையோ அமுக்க, குரல் போனுக்குள் போனது.

“யாரு கூட இருக்காங்க, உங்க வைஃபா?” என்றார் டாக்டர்.

“இல்ல மேடம். சவாரி.”

டாக்டர் திரைக்குப் பக்கத்தில் வந்தார். “அவங்களை வச்சுக்கிட்டுப் பேசறது உங்களுக்கு ஓகேவா? இல்லேன்னா அரை மணி கழிச்சுக் கூப்பிடறேன். ஒண்ணும் அவசரமில்ல.”

மேடம் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனார். செம்பியன் வெளியே பார்த்தார். நிழல் இல்லை. அரை மணி கழித்து போன் வந்தால் தான் எடுக்க மாட்டோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“குந்துங்க மேடம். வெயிலு கொளுத்துது” என்றார். பிறகு போனைப் பார்த்து, “பேசலாம் மேடம்” என்றார்.

[நான் இறங்கியிருக்க வேண்டும். பின்னாளில் அவரிடமே கேட்டேன். “நீங்க எறங்கியிருந்தா நான் வவுறுன்னே சொல்லி முடிச்சிருப்பேன்” என்றார். ஏன்? “ஒரு பொம்பளையாண்ட பொய் சொல்லிரலாம் மேடம். ரெண்டு பேரு கேட்டுக்கினு இருந்தா கஸ்டம்.”]

செம்பியன் தன் சீட்டில், மேடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“வயிறுன்னு போட்டிருக்கீங்க. எந்தப் பக்கம்?”

“கீழ மேடம்.”

“தொப்புளுக்குக் கீழயா?”

“அதுக்கும் கீழ.”

“கீழேன்னா எவ்வளவு கீழே?”

செம்பியன் மீட்டரைப் பார்த்தார். காது சூடானது. அந்த நேரத்தில் டாக்டர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு.

“ஒரு நிமிஷம், கதவை மூடிட்டு வந்துடறேன்” என்று டாக்டர் எழுந்து போனார்.

திரையில் காலி நாற்காலியும், அதன் முதுகில் தொங்கிய ஒரு துண்டும் மட்டும் இருந்தன. அந்த நாற்காலியைப் பார்த்து செம்பியன் சொன்னார், மடமடவென்று, மூச்சு விடாமல்:

“குந்துற எடத்துல மேடம். முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல. அஞ்சு மாசமா. ஒண்ணுக்குப் போனா எரியுது. சம்சாரத்தோட இருந்தா ரெண்டு நாளு எந்திரிக்க முடியல. அதனால அவளாண்டயே போறதில்ல.”

“கேட்டுது” என்று திரைக்கு வெளியிலிருந்து டாக்டர் குரல் வந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பல்வலி என்று சொன்ன ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். “நல்லா தெளிவாச் சொன்னீங்க. இப்ப நான் கேக்கறதுக்கெல்லாம் ஆமா, இல்லைன்னு சொல்லுங்க போதும்.”

காய்ச்சல், குளிர் நடுக்கம் உண்டா? சிறுநீரில் ரத்தம்? சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொண்டதா? கால் மரத்துப் போகிறதா, அந்த இடம் உணர்ச்சி இல்லாமல் இருக்கிறதா? விதையில் வீக்கம்? உடம்பு இளைத்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் செம்பியனின் தோள் கொஞ்சம் இறங்கியது. இத்தனை மோசமானவை தனக்கு இல்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?”

“ரெண்டு தம்ளரு.”

“நாள் பூராவும் வண்டியில உட்கார்ந்துக்கிட்டா?” முதல்முறையாக டாக்டரின் குரலில் கோபம் எட்டிப் பார்த்தது. “சரி. ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு என்ன பயம்? இதுன்னு ஒண்ணை நினைச்சு வச்சிருப்பீங்களே.”

செம்பியன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். வெளியே ஒரு மாநகரப் பேருந்து போய் முடிகிற வரை நிறுத்தி, மறுபடி சொன்னார்.

“உங்க அப்பாவுக்கு வந்தது என்னன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. அது உங்களுக்கும் இருக்குன்னு நாமளா முடிவு பண்ண வேண்டாம்” என்றார் டாக்டர். “உங்க வயசுல இந்த மாதிரி வலி வர்ற ஆம்பளைங்க நிறைய பேரை நான் பார்க்கறேன். பாதிப் பேர் வயிறுன்னுதான் ஆரம்பிப்பாங்க. ப்ராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு. அது வீங்கியிருக்கலாம், கிருமி இருக்கலாம். அங்க இருக்கற தசை இறுகிப் போயும் இப்படி வலிக்கும். எதுன்னு திரையில பார்த்து என்னால சொல்ல முடியாது. ஒரு டாக்டர் கை வச்சுப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி யூரின் டெஸ்ட், சர்க்கரை, ஒரு ஸ்கேன். எழுதி அனுப்பறேன். கடையில கேட்டு மாத்திரை வாங்கறது இன்னையோட நிறுத்தம். தண்ணி குடிங்க. டீயைக் குறைங்க. ஒரு டப்புல பொறுக்கற சூட்டுல வெந்நீர் வச்சு, காலையும் சாயங்காலமும் பத்து நிமிஷம் இடுப்பு மூழ்க உட்காருங்க. காய்ச்சல் வந்தா, யூரின் அடைச்சுக்கிட்டா, ரத்தம் வந்தா, எனக்குப் போன் பண்ணாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.”

“மேடம்,” என்றார் செம்பியன். “செரியாயிருமா?”

“பார்க்காம வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா வைத்தியம் பண்ணக்கூடிய விஷயமாத்தான் தெரியுது. சீக்கிரம் போங்க, தள்ளிப்போடாதீங்க.”

பதினான்கு நிமிடம். போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செம்பியன் வண்டியைக் கிளப்பினார். பனகல் பூங்கா அருகில் மெட்ரோ வேலைக்கு அடைத்திருந்த தகரத்தை ஒட்டி நிறுத்தி, “ஒரு நிமிசம் மேடம்” என்று இறங்கி, ஒரு பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி, நின்றபடியே ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

6

அடுத்த வாரமே போனார் என்று எழுதத்தான் ஆசை. பத்து நாள் கழித்துப் போனார். பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில் ஸ்ரீநாத் என்ற இளம் டாக்டரிடம். அங்கே பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். “என்ன பிரச்சினை?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். செம்பியன் ஏற்கனவே ஒரு தடவை சொல்லிவிட்டவர். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை. வரிசையில் பக்கத்தில் நின்ற பெரியவர், “எனக்கும் அதான்பா” என்றார்.

(டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு பரிசோதித்ததை நான் ஒரு பத்தி எழுதினேன். செம்பியன் படித்துவிட்டு, “இது வாணாம் மேடம்” என்றார். எடுத்துவிட்டேன். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது, நினைத்த அளவு மோசமில்லை என்பது மட்டும் இருக்கட்டும் என்றார்.)

கல் இல்லை. கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை, ஸ்கேனிலும் இல்லை. சர்க்கரை இல்லை. சிறுநீரில் கிருமி இருந்தது, சுரப்பி வீங்கியிருந்தது, மாதக்கணக்கில் வலியைப் பொறுத்து உட்கார்ந்ததில் சுற்றியுள்ள தசையும் இறுகியிருந்தது. “ஆறு வாரம் மாத்திரை. நல்லாயிட்டோம்னு நடுவுல நிறுத்தினீங்கன்னா திரும்ப இங்கதான் வருவீங்க” என்றார் ஸ்ரீநாத். தசையைத் தளர்த்த மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார். மூன்று மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை, கட்டி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்கு.

“இதனால உயிருக்கு ஒண்ணும் இல்லியே சார்?”

“இதனாலயா? இல்லைங்க.”

வெளியே வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். எட்டு வருடம் என்று தனக்கு விதித்துக்கொண்டதை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அப்பாவுக்கும் இப்படி ஒரு கிருமியாகத்தான் ஆரம்பித்திருக்குமோ, ஆறு வாரம் மாத்திரையில் போயிருக்குமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதார். ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி. அப்புறம் ஷரீஃபுக்குப் போன் போட்டார்.

“கல்லு இல்லடா மச்சி.”

“அப்ப இன்னாடா?”

செம்பியன் சொன்னார். இடத்தோடு சொன்னார். அந்தப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. “அந்த டாக்டரு நம்பரு இருந்தா அனுப்பு” என்றார் ஷரீஃப். “சும்மாதான்.”

7

இப்போது முடிவு. வலி முக்கால்வாசி போய்விட்டது என்பதை மறைத்து வைத்து உங்களைத் தவிக்கவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. அதிக நேரம் உட்கார்ந்தால் இன்னும் எட்டிப் பார்க்கிறது. வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாத ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்துவிட்டது. மீதி இருப்பது ஷீலா.

முடிவு ஒன்று எழுதினேன்: தமிழ்நிலா எல்லாவற்றையும் ஊகித்து, ரகசியமாக அம்மாவிடம் சொல்லி, ஷீலா தானாகவே பையோடு வாசலில் வந்து நிற்கிறார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதில் செம்பியன் மறுபடியும் வாயைத் திறக்காமல் தப்பித்துவிடுகிறார். அழித்தேன்.

முடிவு இரண்டு: ஷீலா திரும்பி வரவே இல்லை. சந்தேகம் அவ்வளவு முற்றிவிட்டது, ரிப்போர்ட்டைக் காட்டினாலும் நம்பவில்லை. ‘பெரும்பாக்கத்து மாடிப்படியில் இறங்கும்போது செம்பியனுக்கு—’ இதைப் பாதியில் நிறுத்தினேன். துயரமாக முடித்தால் கதைக்குக் கனம் கூடும் என்ற நப்பாசையில் எழுதியது என்று எனக்கே தெரிந்தது. ஒரு மனிதர் பிழைத்து வந்திருக்கிறார். அவர் தலையில் ஏன் இதைப் போட வேண்டும்?

8

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் கடைசியில், மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு அவர் வண்டியில் வந்தபோது அவரே சொன்னது.

மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போனார். முனியம்மாள் கதவைத் திறந்து, மருமகனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, உள்ளே வா என்று சொல்லாமல் மகளைக் கூப்பிட்டார். ஷீலா வெளியே வந்தார். இருவரும் நடைவழியில் நின்றார்கள். செம்பியன் ரிப்போர்ட் இருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

ஷீலா பிரித்துப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ்.

“இதுல இன்னா எழுதிக்கீது?”

“எனக்கு ஒடம்பு சரியில்ல.”

“எங்க சரியில்ல?”

அந்த நிமிடம் ஓடிவிடலாம் போல் இருந்தது என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு நின்று வேடிக்கை பார்த்தன; கதவுக்குப் பின்னால் மாமியாரின் காது இருப்பது தெரிந்தது. சொன்னார். ஐப்பசியில் சாவி எடுக்கக் குனிந்ததிலிருந்து ஆரம்பித்து, கட்டி என்று பயந்தது, தொட்டால் வலிக்கும் என்று ஆட்டோவில் போய்ப் படுத்தது, காலண்டரைப் பார்த்தது, ஒன்றும் விடாமல். ஷீலா நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகு உறையை மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று மத்தியானமே மூன்று பேரும் சைதாப்பேட்டையில் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். செம்பியன் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“எது?”

“நிமிர்ந்து பார்த்து ஒண்ணு சொன்னாங்கன்னு சொன்னீங்களே.”

லஸ் சிக்னலில் சிவப்பு. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் சத்தமில்லாமல், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

“அத்த மட்டும் சொல்ல மாட்டேன் மேடம். எல்லாத்தயும் கேட்டுட்டீங்க, அது ஒண்ணு எங்களுக்கே இருக்கட்டும். நீங்க எதுனா போட்டுக்கங்க.”

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ‘இதுக்கா இவ்வளவு நாளு?’ இல்லை, இதற்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். ‘என்னாண்ட சொல்றதுக்கு இன்னா வெக்கம் உனக்கு?’ இது நான் சொல்லக்கூடியது. ஷீலா சொல்லியிருக்க மாட்டார். ஒரு நல்ல கெட்ட வார்த்தையாக இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறேன். இருபது வருடம் கூட வாழ்ந்த ஆள், செத்துவிடுவோம் என்று பயந்து உங்களை விட்டு விலகிப் படுத்துவிட்டு, இப்போது பிளாஸ்டிக் உறையோடு நடைவழியில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள். சத்தம்போட்டுப் படிக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சிக்னல் பச்சைக்கு மாறியும் எங்கள் வண்டி நகரவில்லை. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பின்னால் ஒரு வேன்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. “இரு நைனா, போறேன், போறேன்” என்று வெளியே கையைக் காட்டிக்கொண்டே செம்பியன் முதல் கியரைப் போட்டார்.